தாம்பூலப் பையில் ஒரு புல்லாங்குழல்

என் மகனின் காதணி விழாவில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு சிடியும் தாம்பூலப் பைக்குள் போனது. என் கணவரின் அக்கா கம்ப்யூட்டரில் அமைத்த ஏழு இசைத் துண்டுகள் அதில் இருந்தன. நான் அண்ணி என்று அழைக்கும் அவர் காரைக்காலில் கணக்கு டீச்சர். பள்ளி விட்டு வந்தபின் கோவில்பத்து வீட்டின் பின்னறையில் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த வேலை அது. எங்கோ யாரோ வயலினிலும் செல்லோவிலும் குழலிலும் ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்து வைத்த ஒலிகளைத் திரையில் கோடு கோடாக அடுக்கி, ஒரு பெரிய வாத்தியக் குழுவையே அந்தச் சின்ன அறைக்குள் கொண்டுவந்துவிடுவார். வெளியிட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. "இருநூறு வீட்டுக்குப் போவுதே, இதைவிட என்ன வெளியீடு வேணும்?" என்றார்.

விழா வேலைக்கு முன்கூட்டியே வந்திருந்த கணவரின் நெடுங்காட்டுப் பெரியம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "வாசிக்க ஆளே இல்லாம வர்றது பாட்டாடி? அந்தப் பொட்டி மாவும் ஆட்டித் தருமா, கேளு" என்றார். அண்ணி சிரித்தார். ஆனால் அன்று சாப்பிடாமலே பள்ளிக்குப் போனார். விழாவில் எல்லோரும் அப்படிச் சிரித்துவிட்டால் இனி அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கவே மாட்டாரோ என்று எனக்குப் பயம்.

எனக்கு எதற்குத்தான் பயமில்லை? ஒருமுறை சளி கட்டி மகனுக்கு மூச்சுத் திணறியதிலிருந்து, அவன் தூளியில் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று மூச்சை எண்ணுவேன். ஒரு மத்தியானம் அப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது பின்னறையில் கடைசித் துண்டு ஒலித்தது. புல்லாங்குழல் நீண்டு நீண்டு போனது. என் நெஞ்சு அடைத்தது. குழந்தைக்குத்தான் ஏதோ என்று பதறிப் பார்த்தேன். அவன் நிம்மதியாகத் தூங்கினான். மூச்சு விடாதது அந்தக் குழல்.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். எனக்கு சங்கீதம் தெரியாது. அறுபது சிடி பதிவாகியும் விட்டது. "உன் பயத்தை அக்காகிட்டயும் கொண்டு போவாத" என்றார் கணவர். கடைசியில் அண்ணிக்குக் காப்பி கொடுக்கும்போது வாயில் வந்துவிட்டது. "அண்ணி, அந்தக் குழல் வாசிக்கிறவரு மூச்சே விடலீங்க."

அண்ணி அந்தத் துண்டை மறுபடி மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். காப்பி ஆறிப்போனது. பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "கூடவே வெறும் வாயால ஊது. எங்க காத்து தீருதோ அங்க கையத் தூக்கு."

தூக்கினேன். நான் கை தூக்கிய இடத்திலெல்லாம் சுரத்தைச் சற்று முன்னே முடித்து நூலளவு இடைவெளி விட்டார். இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாமோ என்று ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "எல்லாரும் ஒண்ணுபோலயா மூச்சு விடுறாங்க? இதான் சரி" என்றார். பழைய அறுபது சிடியும் எங்கள் வரிச்சிக்குடி வயலில் கிளி விரட்டத் தொங்கின.

விழா அன்று மேளம் ஓய்ந்து, பந்தி நடக்கும்போது சிடியைப் போட்டார்கள். முதல் ஆறு துண்டும் பாத்திரச் சத்தத்தில் கரைந்தன. ஏழாவது தொடங்கியதும், கை கழுவி வந்த நாகஸ்வரக்காரர் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்தபடி ஸ்பீக்கர் முன்னால் நின்றுவிட்டார். முடியும்வரை நகரவில்லை. பெரியம்மா இலையிலிருந்து நிமிர்ந்து அவரையே பார்த்தார்.

"குழல் யாருங்க? மூச்சை அழகா வச்சு வாசிக்கிறாரு. எந்த ஊருக்காரரு?"

அண்ணி என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு வியர்த்தது. அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. மகனை இடுப்பில் வைத்திருந்த என்னைக் கைநீட்டிக் காட்டினார்.

"மூச்சு எங்க தம்பி பொண்டாட்டியோடதுங்க."

"அப்ப விரலு?"

பந்தியே திரும்பிப் பார்க்க, சாக்பீஸ் தேய்ந்த தன் இரண்டு கைகளையும் அண்ணி உயர்த்திக் காட்டினார். நாகஸ்வரக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தக் கைகளைப் பார்த்துக் கும்பிட்டார். நான் அன்று குழந்தையின் மூச்சை எண்ண மறந்தேன்.