சித்தப்பா கடலை விற்ற ஆட்டம்

அன்று ஆட்டம் பார்க்க அம்மா வந்திருந்தாள், அத்தை வந்திருந்தாள், நீலசந்திராவிலிருந்து எங்கள் சந்தே திரண்டு வந்திருந்தது. அப்பா வரவில்லை, மில்லில் பகல் ஷிப்டு. களத்துக்குள் இருக்க வேண்டிய சித்தப்பாவும் உள்ளே இல்லை. பல வருஷமாக மில் கால்பந்து அணியில் கோல்காரனுக்கு முன்னால் வெறுங்காலோடு காவல் நின்றவர், முந்தின ஆட்டத்தில் ஒரு சிப்பாயின் பூட்ஸ் பட்டு முழங்கால் வீங்கி, கோட்டுக்கு வெளியே நொண்டிக்கொண்டிருந்தார்.

எதிரே கண்டோன்மெண்ட் சிப்பாய்கள். தோற்றால் லீக்கில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். சமன் செய்தாலே பிழைத்தோம். சித்தப்பாவின் இடத்தில் நின்றவன் சாயக்கொட்டகைப் பையன். பந்தைக் கண்டால் பின்னாலேயே ஓடிவிடுகிற சுபாவம் அவனுக்கு.

"டேய், எங்கடா போற? வூட்டத் தெறந்து போட்டுட்டு ஊர் சுத்தப் போறியா?" என்று சித்தப்பா கத்தினார்.

நடுவர் ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட். விசிலை ஊதிவிட்டு வந்து சித்தப்பாவைப் பார்த்து ஏதோ உறுமினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"வெளிய இருந்து யாரும் சொல்லித் தரக் கூடாதாம் சித்தப்பா. இன்னொரு தடவ கத்துனா தொரத்திடுவாராம்."

சித்தப்பா சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நின்ற கடலைக்காரரின் தலையிலிருந்து கூடையை இறக்கினார். "அண்ணே, செத்த குடுங்க."

கோட்டோரமாக ஒரு புதுக் கடலைக்காரர் நொண்டி நொண்டிக் கிளம்பினார்.

"பிசி பிசி கடலைக்காய்! தம்பி, பின்னாடியே நில்லு, கடலைக்காய்! செம்பட்டத் தலையன வுடாத, உப்புக் கடலைக்காய்!"

கன்னடத்தில் 'சுடச்சுட' என்று கடலைக்காரர்கள் கூவுகிற அதே ராகம், கொஞ்சமும் பிசகவில்லை. பையன் ஓடாமல் நின்றான். செம்பட்டைத் தலைக்காரனிடம் வந்த பந்தெல்லாம் இவன் காலில் மாட்டித் திரும்பிப் போனது. சார்ஜெண்டுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. இடைவேளையில் அவரே வந்து ஒரு பிடி அள்ளித் தின்றார். "நல்லா சாப்புடு தொரே," என்றார் சித்தப்பா, காசு வாங்காமல்.

"டேய் கடலக்காரா, எனக்குக் கொசுறு உண்டாடா?" என்று அத்தை வம்புக்கு இழுத்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்க அக்கா. ஆட்டத்த மட்டும் மறைக்காத!"

சந்து மொத்தமும் கூடைக்குள் கையை விட்டது.

கடைசி விசில் ஊதியபோது யாருமே கோல் போட்டிருக்கவில்லை. கோப்பையே கிடைத்த மாதிரி குதித்தோம். ஆடியவர்களை விட்டுவிட்டு சித்தப்பாவைத் தோளில் தூக்கினார்கள். எனக்கு அது நியாயமாகவே படவில்லை.

"அடுத்த ஆட்டத்துல நீங்க ஆடுவீங்கதான சித்தப்பா?"

"இன்னிக்கு நான் ஆடலேங்கிறியா?" என்று மேலே இருந்தபடியே சிரித்தார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த முழங்கால் பிறகு சரியாகவே இல்லை. மில் பையன்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் வேலைக்கு அவரை வைத்துக்கொண்டார்கள்; சாகும்வரை அதையே செய்தார். ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்கு அவர் மாறியது என் கண் முன்னால்தான் நடந்தது. நான் கடலை தின்றுகொண்டிருந்தேன்.

கடலைக்காரர் காலிக் கூடையோடு எங்கள் வீடு வரை வந்து, ஷிப்டு முடிந்து வந்த அப்பாவிடம் வாங்கிக்கொண்டு போனார்: பதினான்கு அணா.