ஞாயிற்றுக்கிழமைக்கு ரேட்டு இல்லை

வங்கியில் அவருக்கு ரேட்டுக்காரர் என்றே பெயர். நம் பணத்துக்கும் பக்கத்து நாட்டுப் பணத்துக்கும் அன்றாட மாற்று விலையை முப்பது வருடமாக நோட்டில் எழுதியவர். எந்தத் தேதியைக் கேட்டாலும் அன்றைய விலையைப் புள்ளி பிசகாமல் சொல்வார். கட்டிய மனைவியின் பிறந்தநாள்தான் மறந்துபோகும். சந்தை மூடிய ஞாயிறுகளில் புது விலை கிடையாது, சனிக்கிழமை விலையே நிற்கும்.

மனைவி ஒரு ஞாயிறு காலை, தூக்கத்திலேயே போய்விட்டாள்.

ஓய்வுபெற்ற பின் ஒருநாள், ஜன்னல் வெயிலில் கண்மூடிச் சாய்ந்திருந்தவரிடம் மகள் கேட்டாள்: "அம்மா போன அன்னிக்கு என்ன ரேட்டுப்பா?"

"அன்னிக்கு ஏதும்மா ரேட்டு? சனிக்கிழமைதான் இன்னும் ஓடிட்டிருக்கு."

அந்தச் சனிக்கிழமை மாலை, கொடியிலிருந்து துணி எடுத்தபடி, பிறந்தநாளை மறந்ததற்காக மனைவி அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் திட்டி முடிக்கவில்லை.