அண்ணன்தானா என்று பார்த்துவர மூன்று மாத லீவு

நான் இருக்கிற ஊரில் ஆளில்லாத வீடுகளிலும் விளக்கு எரியும். நோர்வேயின் வடக்குக் கரையில் உள்ள சின்ன மீன்பிடி ஊர் இது. மார்கழி முழுதும், தை பாதிவரையும் இங்கே சூரியன் எழும்பாது. பகல் பதினொரு மணிக்கும் தெருவிளக்கு எரியும். அந்த நாட்களில் ஒவ்வொரு யன்னலிலும் ஒரு சிறிய விளக்கை வைத்துவிடுவார்கள். வந்த முதல் வருடம், பக்கத்து வீட்டு வெளிச்சத்தைக் கண்டு ஏதோ கேட்கப் போய்க் கதவைத் தட்டி, வெகுநேரம் பனியில் நின்றேன். பிறகுதான் அறிந்தேன், அந்த வீட்டில் ஆட்கள் இல்லாமல் இரண்டு வருடம் என்று. தெற்கே இருக்கும் பிள்ளைகள் ஆள் வைத்து விளக்கைப் போடுவிக்கிறார்களாம். ஆர் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். “ஒருவரும் இல்லை, யன்னல் இருட்டாக இருந்தால் வடிவில்லை” என்றார்கள். எங்கள் ஊரான முல்லைத்தீவுக் கரையில் ஆளில்லாத வீட்டில் வெளிச்சம் தெரிந்தால் சனம் அந்த ஒழுங்கையாலேயே போகாது.

கல்யாணம் கட்டி இங்கே வந்து இருபத்திரண்டு வருடம். அதில் இருபது வருடம் ஒரே மீன் தொழிற்சாலை. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் மீன் எனக்குப் புதிதில்லை; கையுறைக்குள் விரல் விறைப்பதுதான் புதிது. இரண்டு கிழமைக்கு மேல் லீவு எடுத்ததில்லை. ஊரில் அம்மாவும், எனக்குப் பிறகு வெகுகாலம் கழித்துப் பிறந்த தங்கச்சி ஜெனியும் இருக்கிறார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் அருள், போரின் கடைசி நாட்களில் காயப்பட்ட ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அம்மா அவருக்காக ஒருநாளும் செத்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுத்ததில்லை. இருக்கிறவனுக்கு எதற்கு என்பார்.

போன வருடம் மார்கழியில் ஜெனி போன் எடுத்தாள்.

“அக்கா, அண்ணா வந்திட்டார்.”

“ஆர் சொன்னது?”

“அம்மா சொல்லுறா.”

“நீ என்ன சொல்லுறாய்?”

“எனக்கு அப்ப பத்து வயசு அக்கா. நீ வந்து பார்.”

சேலை, சாரம் விற்க வருகிற முஸ்லிம் நானா ஒருவர் புளியங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, கடைவாசலில் ஒரு மனிதன் குந்தியிருக்கக் கண்டிருக்கிறார். அண்ணனைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர் அவர். சந்தேகத்தில் “அருள்” என்று கூப்பிட, அந்த மனிதன் திரும்பிப் பார்த்திருக்கிறான். பேரில்லை, ஊரில்லை, கேட்டதற்கு மறுமொழியுமில்லை. நானா பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்து அம்மாவின் முன்னால் விட்டார். அம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, “மெலிஞ்சு போனாய்” என்றாராம். அவ்வளவுதான்.

‘ஷேஃப்’ என்று நாங்கள் சொல்லும் மேலாளர் ஓலாவ் நல்ல மனிதர். ஆனால் தையில் கொட்மீன் வரத் தொடங்கினால் சித்திரை வரைக்கும் அவருக்கு மீனைத் தவிர வேறு கதை இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சம்பளத்தோடு மூன்று மாதம் ‘பெர்மிஷோன்’ கேட்டு அவர் முன்னால் நின்றேன். படிவத்தில் காரணத்துக்குச் சின்னச் சின்னப் பெட்டிகள்: பிறப்பு, திருமணம், நோய், இறப்பு. நான் ஒன்றிலும் புள்ளடி போடவில்லை. என் அண்ணன் ‘சாவ்னெத்’ என்றேன். காணாமல் போனவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். முதலில் படித்த நாளிலிருந்தே என் காதில் அதற்குள் ஒரு சாவு கேட்கும். ஆனால் அதே சொல்லுக்கு, பிரிவால் ஏங்குகிறோம் என்றும் பொருள் உண்டு. ஓலாவ் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். “அண்ணன்மாரை நினைத்து ஏங்குவது இயற்கைதானே, மத்தில்டா. கோடையில் இரண்டு கிழமை போய்வாயேன்” என்றார். மெற்றில்டா அவர் வாயில் மத்தில்டா.

“இல்லை, அவர் இப்போது வீட்டில் இருக்கிறார்.”

“அப்படியென்றால் நல்ல செய்தி!”

“அவர்தானா என்று தெரியாது.”

ஓலாவ் கண்ணாடியைக் கழற்றினார். மேலிடத்துக்குக் காட்ட ஒரு கடிதம் வேண்டும், உள்ளதை உள்ளபடி எழுது என்றார். இருபது வருடமாகப் பழகிய அந்த மொழியில் எனக்கு ஒரே ஒரு வரிதான் வந்தது: ‘ஒரு மனிதர் என் அண்ணனா என்று பார்ப்பதற்காக விடுமுறை கேட்கிறேன்.’ ஒரு கிழமை கழித்து, கையெழுத்து வைத்த தாளை அவரே இயந்திரத்தடிக்குக் கொண்டுவந்து தந்தார். இவ்வளவு காலம் இருந்தவளுக்கு இதைக் கொடுக்கலாம் என்று மேலே சொன்னார்களாம். சம்பளத்தோடு.

ஓமந்தை தாண்டி, என்னை ஊருக்கு ஏற்றிவந்த வான் புளியங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பியபோது அந்தக் கடைவாசலைப் பார்த்தேன். ஒரு நாய் படுத்திருந்தது. வீட்டுப் படலையில் அம்மா என்னைக் கண்டதும், “வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ” என்றார். தன் வயிற்றில் பிறந்தவளை. அடுத்த மூச்சில் உள்ளே திரும்பி, “டேய், மெற்றில்டா வந்திருக்கிறாளடா, வெளிய வா” என்றார்.

அவர் வந்தார். அண்ணனின் சேட்டுப் போட்டிருந்தார். இத்தனை இடப்பெயர்விலும் அம்மா பையில் காவித்திரிந்து, பிறகு அலுமாரியில் மடித்துவைத்திருந்த சேட்டு. அது அவருக்குச் சரியாக அளவாக இருந்தது. நரைத்த தாடி, குழிந்த கண். அண்ணனை நான் கடைசியாகக் கண்டது அவருக்கு இருபத்தைந்து வயதில். இருபத்தைந்து வயது முகம் இந்த முகமாக வர இடையில் என்னென்ன நடந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதே. மூன்று மாதமும் பார்த்தேன். ஒரு நாள் ஓம் என்று இருக்கும், மறுநாள் இல்லை என்று இருக்கும்.

அவர் கடலுக்கு முதுகைக் காட்டியே இருப்பார். கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்லமாட்டார். மறுநாள் வேறு கதை நடக்கும்போது முதல்நாள் கேள்விக்கு மறுமொழி வரும். அப்பாவின் வள்ளத்துக்கு என்ன பேர் என்று கேட்டேன். அடுத்த நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “சந்தனமாதா” என்றார். சரியான பேர்தான். ஆனால் குசினிக்குள் போனால், அம்மா அடுப்படியில் இருந்து விடியத் தொடங்கி அவருக்குப் பழங்கதை சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். பேர்கள், வள்ளங்கள், செத்தவர்கள், ஆர் ஆருக்கு என்ன முறை. வெறுங்குடத்துக்குள் தண்ணீர் வார்ப்பதுபோல. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதாகவும் இருக்கலாம்.

இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று ஜெனி மெதுவாகத் தொடங்கினாள். அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். “என்ரை பிள்ளை என்ரை பிள்ளையோ எண்டு பாக்க ஊசி குத்தோணுமோ?” அதோடு அந்தக் கதை முடிந்தது.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்கும் அண்ணனுக்கும் இடையில் இருந்தது. எனக்கு ஏழு வயதில் எங்கள் ஊர்க் களப்பான நந்திக்கடலில் தண்ணீருக்குள் தாழ்ந்துவிட்டேன். அண்ணன் மயிரைப் பிடித்து இழுத்தெடுத்தார். அடி விழும் என்று வீட்டில் சொல்லவில்லை. ஒரு பின்னேரம், வேலியோரம் அவர் தனியே இருக்கும்போது கேட்டேன்: “நந்திக்கடலிலை எனக்கு என்ன நடந்தது?” வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

“அந்தப் பிள்ளை தண்ணிக்குள்ளை கண்ணைத் திறந்துகொண்டு இருந்தது.”

“எந்தப் பிள்ளை?”

நான் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீருக்குள் நான் கண்ணைத் திறந்திருந்தேன்தான். பச்சையாக ஒரு வெளிச்சம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆனால் கடைசி நாட்களில் அதே நந்திக்கடலைக் கழுத்தளவு தண்ணீரில் எத்தனையோ பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் கரைக்கு வரவில்லை. அவர் சொன்னது என்னையா, வேறொரு பிள்ளையையா? அந்தப் பிள்ளை இவருக்கு ஆர்? அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் காத்திருந்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் மறுமொழி வரவில்லை.

லீவு முடிய நாலு நாள் இருக்கையில், அம்மாவும் ஜெனியும் கோயிலுக்குப் போயிருந்த காலை, அவராகவே என்னிடம் வந்தார். கேட்ட அன்றைக்கே பதில் வேண்டிய கேள்வி ஒன்றோடு.

“நான் போகட்டோ?”

“எங்கை?”

“தெரியாது. நீங்கள் சொன்னால் போறன்.”

அண்ணன் என்னை ஒருநாளும் நீங்கள் என்றதில்லை. ‘எடியே’தான். இவ்வளவு நாளும் நான் தேடிய விடை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்று நினைத்தேன். உடனே படலையில் அம்மா சொன்ன “வாங்கோ” காதில் விழுந்தது. என்னையும் நீங்கள் ஆக்கிய வீடுதானே இது. போகச் சொல்லலாம். அம்மா கோயிலால் வந்து, வெறும் கதிரையைப் பார்ப்பார். இரண்டாம் தரமும் தன் பிள்ளையைத் தேடத் தொடங்குவார். இவரும் ஏதோ ஒரு சந்தியில் போய்க் குந்தியிருப்பார், இன்னொருவர் ஒரு பேர் சொல்லிக் கூப்பிடும்வரை.

“இருங்கோ” என்றேன்.

அண்ணனை நானும் ஒருநாளும் இருங்கோ என்றதில்லை. அவருக்கும் அது விளங்கியிருக்கவேண்டும். தலையை ஆட்டிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

திரும்பி வந்த முதல்நாள் ஓலாவ் கையைக் குலுக்கி, “அவர்தானா?” என்று கேட்டார். “ஓம்” என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு “யா” என்றேன். அவர் சந்தோசப்பட்டார். எனக்காக எல்லாருக்கும் கேக் வெட்டினார்கள். அந்தக் கேக்கை விழுங்கப் பட்ட பாட்டை ஒருவரிடமும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது சாப்பாட்டு நேரத்தில், உடுப்பு மாற்றும் அறையில் நின்று வீட்டுக்குப் போன் எடுப்பேன். இங்கே பதினொரு மணி, அங்கே இரண்டரை. போன கிழமை அம்மா கதைத்துக்கொண்டிருந்தவர், “பொறு பிள்ளை, அவன் சாப்பிட வந்திட்டான்” என்று போனை எங்கேயோ வைத்தார். வைத்தவர் மறந்துவிட்டார். கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு காகம். ஜெனி எதற்கோ சிரித்தாள். ஓர் ஆணின் இருமல். தண்ணீர் வார்க்கும் சத்தம். “இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்று அம்மா கேட்டார்; என்னிடம் அல்ல. வேலைக்கு மணி அடித்தது. இயந்திரத்தடிக்குப் போனைக் கொண்டுபோகக் கூடாது. துண்டிக்க விரல் போனது, மனம் வரவில்லை. போனை அப்படியே என் குளிர்க்கோட்டின் பைக்குள் வைத்து, கோட்டை இரும்பு அலுமாரிக்குள் தொங்கவிட்டுக் கதவைப் பூட்டினேன். சப்பாத்தை மாட்டும்போதும் கேட்டது: பூட்டிய இரும்புக்குள், மிக மெல்லியதாக, என் வீட்டில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.