நிறுத்தச் சொன்னார்கள், தொடங்கச் சொல்லவில்லை

லிஃப்ட் நின்றுபோன ஒரு நாளில், டெல்லி கிட்வாய் நகர் அரசு குவார்ட்டர்ஸின் மூன்றாவது மாடிக்குப் பால் பாக்கெட்டோடு ஏறியபோதுதான் முதலில் தெரிந்தது. நெஞ்சுக்குள் கோழியைக் கூடையில் அடைத்தது போல ஒரே படபடப்பு. உட்கார்ந்தும் அடங்கவில்லை. இ.சி.ஜி. எடுத்துவிட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) என்றார்கள். அப்படித் துடித்தால் உள்ளே ரத்தம் உறையலாம். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க ஒரு மாத்திரை, ஆயுளுக்கும்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு டாக்டர்கள். மருந்து எழுதுபவர் பெரிய ஆஸ்பத்திரியின் இதய நிபுணர். மாதாமாதம் அதைக் கொடுப்பவர் எங்கள் அரசு டிஸ்பென்சரி டாக்டரம்மா. இருவரும் நல்லவர்கள்தான். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவே. கால் வீங்கினால் இவர் அவரைக் கேட்கச் சொல்வார், அவர் இவரைக் கேட்கச் சொல்வார். நடுவில் ஆட்டோவில் அலைவது நான்.

போன குளிர்காலத்தில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. அந்த மாத்திரை போட்டால் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்க நேரமாகும் என்பதால், அதை என்ன செய்வதென்று கேட்டுவரச் சொன்னார் பல் டாக்டர். "நிபுணர் எழுதின மருந்துல நான் கை வைக்க மாட்டேன்" என்று டாக்டரம்மா இந்தியில் சொல்லிவிட்டார். நிபுணரின் உதவியாளர் போனில், "சார் நிறுத்தச் சொல்றார்" என்றார். நிறுத்தினேன். பல்லும் போயிற்று. மறுபடி எப்போது தொடங்குவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

"புண்ணு ஆறிடுச்சே, போட்டுக்கயேன்" என்றார் என் கணவர்.

"அவங்க சொல்லாம எப்படிங்க? நிறுத்தச் சொன்னவங்கதானே ஆரம்பிக்கவும் சொல்லணும்?"

மத்திய அரசு ஆபீஸில் தலை நரைத்தவள் நான். மேலிடம் நிறுத்திவைத்த ஃபைலை மேலிடம் சொல்லாமல் நகர்த்திப் பழக்கமில்லை. டிஸ்பென்சரியில் கேட்டால் நிபுணரைக் கைகாட்டினார்கள். நிபுணருக்குப் போன் செய்தால், அடுத்த விசிட்டில் பேசலாம் என்றார்கள்.

ஒரு காலையில் தோசை திருப்பும்போது கரண்டி நழுவி விழுந்தது. எடுக்கலாமென்றால் வலது கை வரவில்லை. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. பெற்ற பெண்ணின் பெயர். ஏதோ சத்தம் மட்டும் வந்தது.

"அம்மா, க்யா ஹுவா? என்னம்மா ஆச்சு? பேசும்மா, ஜல்தி பேசு!" என்று ஓடிவந்து அழுதாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கையும் பேச்சும் திரும்பிவிட்டன. டி.ஐ.ஏ. (சற்று நேரத்தில் விலகிவிடும் பக்கவாதம், பெரியது வரக்கூடும் என்ற எச்சரிக்கை) என்றார்கள். "யாரைக் கேட்டு இவ்வளவு நாள் நிறுத்தினீங்க?" என்றார் நிபுணர். பிறகு டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார். இருவரும் ஒற்றுமையாகச் சொன்னது அது ஒன்றைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த விசிட்டில், நிபுணரின் அறையிலிருந்தே என் மகள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, அதை அவர் கையில் கொடுத்தாள். மருந்தை நிறுத்துவது, தொடங்குவது எல்லாவற்றையும் இருவரும் பேசி முடிக்க டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இதற்கா என் கை போக இருந்தது?

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னால், என்றைக்குத் தொடங்குவது என்று கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.

இப்போதெல்லாம் விழித்ததும், கண்ணைத் திறப்பதற்கு முன்பே கூப்பிடுகிறேன்.

"வித்யா."

"என்னம்மா?" என்று அடுத்த அறையிலிருந்து தூக்கக் குரல் வருகிறது.

"ஒண்ணுமில்ல, தூங்கு" என்கிறேன். அதற்குப் பிறகுதான் எனக்கு விடிகிறது.