கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற அக்கா

அன்று பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். வார்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது சலைன் பாட்டிலைத்தான். பாதிக்கு மேல் இருந்தது, சொட்டு நின்றிருந்தது. அதன் பிறகே அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சிறுநீரகம் பழுதாகிப் பதினொரு நாள் படுத்திருந்து போய்விட்டார். வயது நாற்பத்தாறு.

அக்கா பிறந்தது கர்நாடகத்தில் ஹனூர் பக்கம், ராகி விதைக்கும் குடும்பத்தில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டில் மணமாகி, கொத்தனாரான மாமாவோடு மைசூருக்கு வந்தார். ஒரே பிரசவம். குழந்தை உயிரோடு பிறக்கவில்லை. அந்தப் பத்து மணி நேரமும் தெரிந்த முகம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லை என்று பின்னாளில் ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் குடியிருப்பில் தருமபுரி, மேட்டூர் பக்கத்துக் கட்டட வேலைக் குடும்பங்கள் நிறைய இருந்தன. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். ஆனால் காவிரிக் கலவரத்தால், மாநில எல்லையில் இருந்த பாலாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டி பஸ் ஓடாத மாதங்கள் இருந்தன. ஓடிய மாதங்களில் மேஸ்திரி விடவில்லை. கன்னடம் தெரியாத அந்தப் பெண்களை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர் அக்கா. எட்டாம் மாதத்திலிருந்தே வீட்டுக்குப் போய் இடுப்பைத் தேய்த்துவிடுவார். டாக்டர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். பிள்ளை இல்லாதவள் கை படலாமா என்று சில மாமியார்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். எங்கள் உறவினரிலும் கேட்டவர்கள் உண்டு.

பிரசவ வார்டுக்குள் துணைக்கு யாரும் போகக் கூடாது. வாசல் பெஞ்சு வரைதான். அங்கிருந்த காவலாளி தமிழர். கூட்டி வந்த ஒவ்வொருத்தியையும் தன் தங்கை என்றே அவரிடம் அக்கா சொல்வார்.

"உங்கம்மாவுக்கு எத்தன பொண்ணும்மா? இந்த மாசம் இது நாலாவது தங்கச்சி."

"அஞ்சாவதும் வருவா. வழிய விடுங்கண்ணா."

உள்ளே கத்தும் பெண்களை ஆயாக்கள் திட்டுவார்கள். அதனால் கத்தாமல் மூச்சை இழுத்துவிட அக்கா பழக்கினார். அப்படிப் பழகியவர்களுக்கு அங்கே நல்ல பெயர். செல்வியும் அப்படிப் பழகியவள். பத்தொன்பது வயது, சென்ட்ரிங் வேலைக்காரரின் மனைவி.

"நான் வாயே தொறக்க மாட்டேங்க்கா. நீங்க வெளிய இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

காலை பத்தரைக்குப் பெண் குழந்தை. வெளியே கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார்கள். உள்ளே செல்விக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அவள் யாரையும் கூப்பிடவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தோம் என்றார் நர்ஸ். பன்னிரண்டு மணிக்குப் போர்வையை விலக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் அக்கா, சுவருக்கு இந்தப் பக்கம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை என்னிடம் சொன்னார்: "நாந்தான்டா அவ வாயக் கட்டுனேன். கத்தியிருந்தா திட்டவாவது ஒருத்தி வந்திருப்பா."

நீ காரணமில்லை என்று பலரும் சொன்னோம். அவர் ஏற்கவில்லை.

பிறகு வந்த பெண்களையெல்லாம் வாய்விட்டுக் கத்தச் சொன்னார். கத்தியவர்கள் திட்டு வாங்கினார்கள். ஒருத்தி அடியும் வாங்கினாள். வெளியே நின்று அதையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிரசவத்தின்போது ஒரே ஒரு பெண்ணை உள்ளே நிற்க விடுங்கள் என்று மூன்று முறை மனுக் கொடுத்தார். கன்னடத்தில் எழுதியது நான். பதில் வரவில்லை. நினைவு தப்புவதற்கு முந்தைய நாள்கூட, "ஏதாச்சும் வந்துதாடா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தேவராஜ மொஹல்லாவிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து பாடை சுமந்த தொழிலாளர்களுக்கும், அந்தக் காவலாளி அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு. இந்த ஓராண்டில் எங்கள் குடியிருப்பிலிருந்து ஒன்பது பெண்கள் பிரசவத்துக்குப் போனார்கள். ஒன்பது பேருக்கும் துணைக்குப் போகப் பெண் யாரும் இல்லை.