பூஜைத் துப்பாக்கியைச் சுடவிடாத அண்ணன்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். அதிகம் புகழ்ந்தால் அண்ணனுக்கே பிடிக்காது. "ஏட்டி, அளந்து பேசு" என்பார். அதனால் ஒரு நாளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது ராஜபாளையத்தில். அப்பா சீக்கிரமே காலமானதால் படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போனார். பிறகு மதுரையில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடையில் தொழில் பழகி, உரிமம் வாங்கி, எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரிலேயே கடை வைத்தார். என்னைப் படிக்கவைத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். முன்கோபி. கடைக்குள் யாராவது குழலை ஆள் பக்கம் திருப்பிவிட்டால் வாடிக்கையாளர் என்றும் பார்க்க மாட்டார்.

மலையடிவாரத் தோப்புக்காரர்கள் பன்றியை விரட்ட உரிமத்தோடு வைத்திருந்த ரைஃபிள்கள் அவரிடம்தான் வரும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டையும் கொண்டுவரச் சொல்வார். தோட்டா உள்ளே போனதும், பின்பக்கத்தை அடைக்கிற இரும்புத் தண்டான போல்ட் அதை ஒட்டிப் பிடிக்க வேண்டும். நடுவே இடைவெளி கூடினால், வெடிக்கும்போது கூடு இழுபட்டு அடிப்பக்கம் கிழிந்துவிடும். நெருப்பு சுடுகிறவர் முகத்துக்கே திரும்பும். இதைச் சோதிக்க, தோட்டா வடிவில் அதைவிட மயிரிழை நீளமான ஒரு இரும்பு அளவுக்கட்டை, கேஜ் என்பார்கள், வைத்திருந்தார். அதை உள்ளே வைத்தால் போல்ட் மூடக்கூடாது. மூடினால் அந்தத் துப்பாக்கி ஆகாது.

எங்கள் மாமனார் வீட்டிலும் ஒரு பழைய ரைஃபிள் உண்டு. ஆயுத பூஜைக்கு அதன் போல்ட்டைக் கழற்றி, தோட்டாவைத் தொடுகிற அந்த முகத்தில் சந்தனம் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்குத் தோப்பில் ஒரு முறை சுடுவார்கள். நான் சொல்லவந்த அந்த ஆண்டு மாமனாருக்குக் கை நடுக்கம். முதல் முறையாக என் கணவர் சுடுவதாக ஏற்பாடு. முன்கூட்டியே அண்ணனிடம் கொடுத்துச் சோதித்தாயிற்று. கேஜை வைத்தால் போல்ட் மூடவில்லை, நல்ல துப்பாக்கி என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

விஜயதசமி அன்று காலை. வீட்டில் விருந்தாளிகள். அண்ணன் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"மாமா, இன்னிக்குச் சுட வேண்டாம்" என்றார்.

மாமனாருக்கு முகம் மாறிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா வந்து என்ன தம்பி பேசுதீக? நீங்கதானே நல்லா இருக்குன்னு குடுத்தீக?"

"குடுத்தேன். தப்பு என்னுது."

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில், அத்தனை பேர் முன்னால், அண்ணனே தன் தொழிலைத் தாழ்த்திப் பேசுகிறார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து, துப்பாக்கியோடு நாங்கள் கொடுத்திருந்த, போன வருடம் சுட்ட பித்தளைக் கூட்டை எடுத்தார். அடிப்பக்கத்தில் மெல்லிய வளையம் ஒன்று பளபளத்தது. அது கூடு இழுபட்ட தடமாம். முந்தைய நாள் பூஜைக்குக் கடையை ஒதுக்கிவைக்கும்போதுதான் அது கண்ணில் பட்டிருக்கிறது. கேஜ் நல்லது என்கிறது, கூடு இல்லை என்கிறது, இரவெல்லாம் தூங்கவில்லையாம்.

"செத்த நேரம் குடுங்க மாமா" என்று போல்ட்டை வாங்கி மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தார். புதுச் சந்தனம் போன பிறகும் அடியில் பழைய சந்தனம் வருடக்கணக்காகக் காய்ந்து ஓடாய் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கேஜை வைத்தார். போல்ட் தடங்கலே இல்லாமல் மூடிக்கொண்டது.

"இம்புட்டு நாளும் சந்தனம் இடைவெளிய மறைச்சிருக்கு. கேஜ் மெதுவாத்தான் தொடும், அதைத் தாங்கிருச்சு. வெடிக்கிற வேகத்த அது தாங்காது. பூஜைச் சந்தனம், அதுவும் சம்பந்தி வீட்டுது, எப்படித் தொடைக்கன்னு நான் விட்டுட்டேன். தொடச்சிட்டுத்தான் பாத்திருக்கணும்."

மாமனார் போல்ட்டையும் பார்த்தார், மகன் முகத்தையும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "அண்ணனுக்கு இலை போடும்மா" என்றார்.

அண்ணன் அதோடு விடவில்லை. தான் நல்லது என்று கொடுத்த ரைஃபிள்களையெல்லாம் திரும்பக் கேட்டுத் தோப்பு தோப்பாகப் போனார். "தொழில் தெரியாத ஆளு" என்று சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அண்ணி அழுதார்கள். "ஒன்னும் ஆகலையே, நீங்களா போயி எதுக்குச் சொல்லணும்?"

"ஆன பொறவு சொல்லி யாருக்கு என்ன?" என்றாராம் அண்ணன். கடை பழைய நிலைக்கு வரச் சில வருடங்கள் ஆயின. அந்த நாட்களில் அண்ணி பட்ட சிரமம் எனக்குத் தெரியும். அண்ணனுக்குச் செலுத்தும் நன்றியில் பாதி அண்ணிக்கு உரியது.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகி அண்ணன் மிகவும் மெலிந்துவிட்டார். அப்போதும் மருத்துவமனைக் கட்டிலின் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று நர்ஸம்மாவிடம் சண்டை போட்டார். பொறுத்துக்கொண்ட அந்த அம்மாவுக்கும், மருத்துவர்களுக்கும், தினமும் ரசம் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தோப்புக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்த மலர் அச்சுக்குப் போகுமுன் எழுத்து எழுத்தாகப் படித்துப் பிழை திருத்தியவர் என் கணவர். இந்தப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.