சொந்தக்காரர்களுக்காக ஒரு படிப்பு

இன்று காலை கூடுவாஞ்சேரியில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இரண்டு அம்மாக்கள். இருவர் பிள்ளைகளும் இந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருக்கிறார்கள்.

"உன் பையன் இன்னா எடுத்துகீறான்?"

"நர்சிங்க்கா. அவனே ஆசப்பட்டு எடுத்தான். சொந்தக்காரங்க கேட்டா மெடிக்கல்னு சொல்லிக்கினு கீறேன். டாக்டருக்குன்னு நெனச்சிக்கிறாங்க, நெனச்சிக்கட்டும்."

"என் கத அதுக்கு மேல. எம்பொண்ணு மெக்கானிக்கல். கிளாஸ்லயே இவ ஒருத்திதான் பொண்ணு. நாளைக்கி மாப்ள வூட்ல எதனா சொன்னா? கம்ப்யூட்டர்னு சொல்லி வெச்சேன். இப்ப எங்க கொழுந்தனாரு ரிப்பேர் லேப்டாப்ப தூக்கிக்கினு வந்து நிக்கிறாரு."

பிறகு மெக்கானிக்கல் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாமா படிச்ச?"

நான் படித்தது சிவில். கட்டட வேலை நடக்கும் இடத்தில் இன்ஜினியர். மடியில் மஞ்சள் ஹெல்மெட்.

"டீச்சருக்குப் படிச்சேங்க்கா."

எங்கள் ஊர் கருங்குழியில் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

"பொம்பளப் புள்ளைக்கி அதான் நல்லது" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

ஹெல்மெட்டைப் பார்த்தார்கள். எதுவும் கேட்கவில்லை.

சரி, நீங்களெல்லாம் சொந்தக்காரர்களுக்கு என்ன படித்திருக்கிறீர்கள்?